சிறுதேர் உருட்டிய மன்னர்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பெருமக்கள் ஆண்பாற் குழவியின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தபோது, சிறுதேர் உருட்டும் பருவத்தை இறுதியில் வைத்தார்கள். காப்பிலே தொடங்கி, செங்கீரையும் தாலும் சப்பாணியும் கடந்து, அம்புலியை அழைத்து, சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கிய பிள்ளை கடைசியாகத் தேர் உருட்டுகின்றான். அதன் பின்னர் அவனைப் பாடுவதற்குப் பிள்ளைத்தமிழில் இடமில்லை; தேர் உருட்டிய கை வேறு தொழிலுக்குப் போய்விடுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வக் குழந்தைகள் குதிரை பூட்டாத சிறுதேரை உருட்டி விளையாடிய செய்தியைப் பட்டினப்பாலையிற் காண்கின்றோம். இன்று கலேவெலப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் பால்மாத் தகரத்தை உடலாகவும், தேய்ந்த இறப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய வட்டங்களைச் சில்லுகளாகவும் கொண்டு ஒரு வண்டி செய்து முற்றத்தில் இழுத்தோடுகின்றான் என்றால், அவனும் அந்த மரபில் வந்தவனே.

இந்தப் பத்தாம் பருவத்தை விட்டு வெளியேறாமலே வளர்ந்து மன்னராகி, தம் தோட்டத்தில் உருட்டிய சிறுதேரைத் தம் நாட்டின் காடுகள் வரை உருட்டிச் சென்ற ஒருவர் இருந்தார். அவர்தாம் குவாலியர்ச் சமஸ்தானத்து மகாராஜா மாதவராவ் சிந்தியா. விருந்து மேசையின் மீது அவர் ஓடவிட்ட வெள்ளிப் புகையிரதத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். சுதேச மன்னர்களின் ஆடம்பரத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் அதைத்தான் முதலில் எடுப்பர். அவருடைய மற்றப் புகையிரதத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பெரிய கதை அதிலேதான் இருக்கின்றது.

மாதவராவ் 1876ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி குவாலியரிற் பிறந்தார். தந்தையார் ஜயாஜிராவ் சிந்தியா, 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின்போது தம் படையே தம்மை விட்டுப் போக, ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். அவ்வாறு நின்றும் அவருடைய மலைக்கோட்டை பல்லாண்டு காலம் ஆங்கிலப் படையின் கையிலேயே இருந்தது. அவர் கண்ணை மூடுவதற்குச் சிறிது காலம் முன்னர்தான், 1886இல், ஜான்ஸியைப் பெற்றுக்கொண்டு கோட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். எவரை நம்புவதென்று அறியாத மன்னர் பொன்னை நம்பினார். கோட்டையிலும் அரண்மனையிலும் மறைவான அறைகளில் அவர் குவித்து வைத்த செல்வத்தைக் கங்காஜலி என்று பெயரிட்டு மக்கள் கதை கதையாகச் சொன்னார்கள். 1874இல் அவர் கட்டி முடித்த ஜயவிலாச அரண்மனையின் தர்பார் மண்டபத்திலே தொங்கும் இரு சரவிளக்குகளும் ஒவ்வொன்றும் சுமார் 3½ தொன் எடை. கூரை அவற்றைத் தாங்குமோ என்று பார்ப்பதற்கு யானைகளை மேலே ஏற்றி நிறுத்தினார்கள் என்பது குவாலியரில் இன்றும் சொல்லும் கதை. யானைகள் ஏறினவோ இல்லையோ, விளக்குகள் இன்னும் தொங்குகின்றன.

1886 ஜூன் மாதத்தில் ஜயாஜிராவ் காலமானார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பத்தாண்டும் நிறையாத சிறுவனுக்குச் சுமார் 25,000 சதுர மைல் பரப்புள்ள நாடு சொந்தமாயிற்று. ஆனால் அதிகாரம் அவன் கையில் இல்லை. ஆட்சிக் கவுன்சில் ஒன்று அரசை நடத்தியது. மறைத்து வைத்த செல்வமும் அவன் விருப்பப்படி செலவாகவில்லை. 1887இல் அதிலிருந்து 3½ கோடி ரூபாயைக் குவாலியர் அரசு இந்திய அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுத்தது. ஆசிரியர்களும் அதிகாரிகளும் சூழ, சடங்குகளின் நடுவே வளர்ந்த அச்சிறுவன் 1894இல் முழு அதிகாரம் பெறும்போது பதினெட்டு வயது இளைஞன்.

அந்த இளமையிலே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது புகையிரதம். அதற்குக் குடும்ப வழக்கமும் ஒரு காரணம் எனலாம். தந்தையார் காலத்திலேயே, 1872இல், ஆக்ராவிலிருந்து குவாலியருக்கு இருப்புப்பாதை அமைப்பதற்கு 75 இலட்சம் ரூபாய் கடன் கொடுத்திருந்தனர். ஆனால் தந்தைக்கு இருப்புப்பாதை ஒரு முதலீடு. மகனுக்கோ அது காதல். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அரண்மனை வளாகத்துள்ளே இரண்டடி அகலமுள்ள சிறு பாதை ஒன்று முளைத்தது. மரங்களுக்கும் மலர்ப் பாத்திகளுக்கும் இடையே உண்மையான நீராவி இயந்திரம் ஒன்று சிறு பெட்டிகளை இழுத்துச் சென்றது. மகாராஜாவே இயந்திரத்தில் ஏறி ஓட்டினார்.

வேடிக்கை பார்ப்பவனுக்கு ஓடும் வண்டிதான் தெரியும். செய்பவனுக்கோ வண்டியினும் பாதைதான் பெரிது. நிலத்தை மட்டமாக்க வேண்டும். மட்டமாக்க முடியாத இடத்தில் ஏற்றத்தை மெல்ல மெல்லப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். வளைவு கூடினால் சில்லின் விளிம்பு தண்டவாளத்தை உரசித் தேயும். மேலும் கூடினால் வண்டி தடம் புரளும். மழைக்குப் பின் சரளைக்கல் இறங்கும். இறங்கிய இடத்தில் மறுபடியும் கல் போட்டு இடிக்க வேண்டும். ஒரு வட்டம் போட்டு முடித்தவனுக்கு ஒரு கிளைப்பாதை வேண்டும். கிளைப்பாதை போட்டவனுக்கு வண்டி நிறுத்த ஒரு கொட்டகை வேண்டும். கொட்டகை வந்ததும் அதற்கொரு நிலையம் வேண்டும். தோட்டத்துச் சிறு பாதைக்கு முடிவென்று ஒன்று இல்லை. அதன் இன்பமே திருத்தத்தில் இருக்கின்றது.

இப்பித்து குவாலியர் மன்னருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே, டார்பிஷயரிலுள்ள டஃபீல்ட் என்னும் ஊரில், சேர் ஆர்தர் ஹேவுட் என்ற கனவான் 1874ஆம் ஆண்டு முதல் தம் வீட்டுச் சரிவிலே 15 அங்குல அகலத்தில் ஒரு பாதை போட்டார். முன்னர் 4 அங்குலத்திலும் 9 அங்குலத்திலும் செய்து பார்த்து, மனிதன் விழாமல் ஏறிச் செல்வதற்குக் குறைந்த அளவு எதுவென்று ஆராய்ந்தே அவர் 15 அங்குலத்துக்கு வந்தார். சுரங்கங்களும் பாலமும் நிலையங்களும் உணவுப் பெட்டியும் தூங்கும் பெட்டியும் கூட அந்தத் தோட்டத்துப் பாதையில் இருந்தன. அது விளையாட்டல்ல, பெரிய பண்ணைகளுக்கும் போர்க்களத்துக்கும் பயன்படத்தக்க போக்குவரத்து முறை என்று நிறுவுவதற்கு அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார், நூலும் எழுதினார். வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் ஒருவரே அவரிடம் தம் பண்ணைக்குப் பாதை போடுவித்தார். இராணுவம் அவர் அளவை ஏற்கவில்லை. 1916இல் அவர் இறந்த பின் டஃபீல்ட் பாதை கழற்றப்பட்டது.

ஹேவுட்டிடம் அறிவு இருந்தது, நாடு இல்லை. மாதவராவிடம் நாடு இருந்தது.

தோட்டத்துப் பாதை அரண்மனை மதிலைத் தாண்டியது. அதே இரண்டடி அகலத்தில், குவாலியர் இலகு இருப்புப்பாதை என்னும் பெயருடன் அது ஊர்களை நோக்கிப் புறப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வடகிழக்கே பிண்ட் வரையும், தெற்கே கோடைத் தலைநகரான சிவபுரி வரையும் கோடுகள் நீண்டன. மூன்றாவது கோடு மேற்கே திரும்பி, 1904இல் சபல்கட்டை அடைந்து, 1909இல் ஷியோபூர் போய்ச் சேர்ந்தது. இந்தக் கோடு ஒன்று மட்டும் சுமார் 200 கிலோமீற்றர்.

இவ்வளவு சிறிய அளவை ஏன் கைக்கொண்டார்கள் என்ற கேள்வி எழும். விளையாட்டிலே பழகிய அளவு என்பது பாதி விடை. மற்றப் பாதி நிலத்தில் இருக்கின்றது. சம்பல் ஆற்றுப் பக்கத்து மண்ணை மழைநீர் ஆழமாக அரித்து ஆயிரமாயிரம் பள்ளங்களாக்கி வைத்திருக்கின்றது; கொள்ளையர் ஒளிந்த பள்ளங்கள் என்று பிற்காலத்துத் திரைப்படங்கள் காட்டியவை அவையே. அத்தகைய நிலத்தில் 5½ அடி அகலப் பாதை போடுவதென்றால் வெட்டும் மண்ணும் கொட்டும் மண்ணும் கணக்கிலடங்கா. அகலம் குறையக் குறைய வளைவைக் கூர்மையாக்கலாம், பள்ளத்தைச் சுற்றிப் போகலாம், தண்டவாளம் மெல்லியதாகலாம், பாலம் சிறியதாகலாம். 1881இல் டார்ஜிலிங் மலைக்கு ஏறிய பாதையும் இதே இரண்டடிதான். வசதியில்லாத நாட்டுக்குப் பாதையே இல்லாமலிருப்பதினும் சிறிய பாதை மேலானது என்ற வாதத்துக்கு வலிமை உண்டு.

நம் நாட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலங்கையிலும் அகலப் பாதை 5½ அடியே. 1880ஆம் ஆண்டு மாத்தளைக்கு வந்து சேர்ந்த பாதை இன்று வரை மாத்தளையிலேயே நிற்கின்றது. அதற்கு வடக்கே அதே மாவட்டத்திலுள்ள கலேவெலக்கு ஒரு புகையிரதமும் வந்ததில்லை. குருநாகலிலிருந்து தம்புள்ளை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையே அதன் உயிர்நாடி. எவ்வளவு அகலம், எவ்வளவு செலவு, எத்தனை ஊருக்குப் பாதை என்ற கணக்கு எவருடைய வாழ்வைத் தொடுகின்றது என்பதைப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கலேவெல மாணவன் அறிவான். குறுகிய பாதையை நாமும் சோதித்திருக்கின்றோம். களனிப் பள்ளத்தாக்கிலும், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கும், 2½ அடிப் பாதைகள் இருந்தன. இராகலைப் பாதை மறைந்தே போயிற்று. களனிப் பாதையில் எஞ்சியதை அகலமாக்கினார்கள்.

மீண்டும் குவாலியருக்கு வருவோம். மதிலைத் தாண்டிய கணத்திலே அந்தச் சிறுதேரின் இயல்பே மாறியது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தோட்டத்தில் ஓடிய வண்டிக்கு நேர அட்டவணை இல்லை; மன்னர் ஏறினால் புறப்படும், அலுத்தால் நிற்கும். பிண்டுக்கு ஓடும் வண்டியோ மன்னர் உறங்கினாலும் ஓட வேண்டும். சந்தைக்குப் போகிற குடியானவன் அதற்காகக் காத்திருக்கின்றான். நோயாளி ஒருவன் குவாலியர் மருத்துவரிடம் போவதற்கு அதை நம்பியிருக்கின்றான். எதிரே வரும் வண்டியை நிறுத்துவதற்குக் கைகாட்டி வேண்டும். நிலையத்தில் பொறுப்பாளர் விழித்திருக்க வேண்டும். 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி குவாலியரின் மக்கள் சுமார் 29 இலட்சம். பத்தாண்டுக்கு முன்னிருந்ததைவிட இலட்சக்கணக்கிற் குறைவு. இடையிலே வந்தவை 1896–97இன் பஞ்சமும் 1899–1900இன் பெரும் பஞ்சமும். தானியம் உள்ள ஊரிலிருந்து இல்லாத ஊருக்குச் செல்ல வழியில்லாமையும் பசியோடு சேர்ந்து மனிதரைக் கொல்லும் என்பதை அறிந்த காலத்தில், ஒரு கோடு தண்டவாளம் என்பது அரச கேளிக்கையாக மட்டும் இருந்திருக்க முடியாது. அதனோடு இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்: சிவபுரிப் பாதை மன்னரையும் அவர் விருந்தினரையும் புலிவேட்டைக்கும் ஏற்றிச் சென்றது.

இனி வெள்ளி வண்டி. அரண்மனை விருந்து மண்டபத்து நீண்ட மேசையில் பதித்த சிறு தண்டவாளத்தின் மீது, மின்சாரத்தால் இயங்கும் வெள்ளி இயந்திரம் ஒன்று ஏழு பெட்டிகளை இழுத்துச் செல்லும். சிந்தியா என்னும் குலப்பெயரின் ஏழு ஆங்கில எழுத்துக்கள், பெட்டிக்கு ஒன்றாக அவற்றில் விளங்கும். மதுவும் சுருட்டும் இனிப்பும் விருந்தினர் முன் தாமாகவே வந்து நிற்கும். பளிங்குக் குப்பியை எடுத்தால் வண்டி நிற்கும். திரும்ப வைத்தால் புறப்படும். இயக்கும் விசைகள் மன்னர் கையில். ஒருமுறை இராசப்பிரதிநிதிக்கு அளித்த விருந்தில் மின்னிணைப்புக் கோளாறாகி, வண்டி நிற்காமற் சுற்றிச் சுற்றி ஓடி, உயர்குடி விருந்தினர் ஆடைகளில் உணவை வாரி இறைத்தது என்றொரு கதை வழங்குகின்றது. நடந்ததோ புனைந்ததோ, கேட்பவர் சிரிப்பார்கள். மேசையில் வண்டி தடம் புரண்டால் பட்டாடை கறைபடும், அவ்வளவே. சபல்கட்டுப் பாதையில் தடம் புரண்டால் சிரிப்பதற்கில்லை. இரண்டையும் ஒரே மனிதர் ஓட்டினார் என்பதுதான் மாதவராவைப் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல்.

சிக்கல் அங்கே முடிவதுமில்லை. சீனத்தில் 1900ஆம் ஆண்டு கலகம் மூண்டபோது, தம் செலவில் மருத்துவக் கப்பல் ஒன்றை அளித்துத் தாமும் அங்கே சென்றார். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கனவான உருக்காலைக்கு மேலும் மூலதனம் வேண்டியிருந்தபோது, 4 இலட்சம் பவுண் பெறுமதியான கடன்பத்திரங்கள் முழுவதையும் வாங்கிக்கொண்டவர் இவரே. தந்தை நிலவறையிற் புதைத்தார். மகன் உலைக்களத்திலே போட்டார். அந்த ஆலையிலிருந்து பின்னர் தண்டவாளங்கள் உருண்டு வந்தன.

இதே மனிதர்தாம் ஆப்பிரிக்கச் சிங்கங்களைத் தருவித்துத் தம் காடுகளில் விட்டுப் பார்த்தவர். அவை கால்நடைகளையும் மனிதரையும் தாக்கத் தொடங்கியதும் அந்த ஆசை கசந்தது. ஷியோபூர்ப் பக்கத்துக் குனோ காட்டில் 2022இல் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகளை விட்ட செய்தியைப் படித்தவர்கள் இந்தப் பழைய கதையை நினைவுகூர்ந்திருக்கலாம். குவாலியர் நகருக்கு நீர் வழங்க 1916இல் கட்டிய திக்ரா அணை, மறு ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் உடைந்து பல உயிர்களைக் கொண்டு சென்றது. அணை பின்னர் மீண்டும் எழுந்தது, இறந்தவர் எழவில்லை. செய்து பார்க்கும் ஆசை மிக்க அரசரின் நாட்டிலே, செய்து பார்ப்பதன் விலையைக் குடிகளும் சேர்ந்தே கொடுக்கிறார்கள்.

ஆகவே இவரைப் போற்றுவதா, நகைப்பதா? வேறு பல மன்னர்களின் கேளிக்கைகள் அவர்களோடு மாய்ந்தன. நாய்களுக்குத் திருமணம் செய்து வைத்த நவாபும் இருந்தார். மாதவராவின் கேளிக்கைகளில் ஒன்று மட்டுமாவது குடிகள் ஏறிச் செல்லத்தக்கதாக இருந்தது. முல்லைக்கொடி தழுவத் தேர் ஈந்தவனைக் கொடைமடம் பட்டவன் என்று போற்றும் மரபு நம்முடையது. அறிவும் மடமும் ஒரே செயலிற் கலந்திருக்கக் கூடும் என்று நம் முன்னோர் ஒப்புக்கொண்டனர். குவாலியர் மன்னரையும் அந்தக் கண்கொண்டே நாம் பார்க்கின்றோம். எனினும் பாரியின் தேர் அவனுடையது, இவருடைய தண்டவாளத்துக்கோ குடிகளின் வரிப்பணமும் போயிருக்கின்றது என்ற வேறுபாட்டை மறந்துவிடவில்லை.

1925 ஜூன் 5ஆந் திகதி பாரிஸ் நகரில் மாதவராவ் காலமானார். வயது 48. அவருடைய மகன் ஜீவாஜிராவுக்கு அப்போது ஒன்பது வயது நிறைய மூன்று வாரம் இருந்தது. தந்தையைப் போலவே மகனும் பிள்ளைப் பருவத்தில் அரசரானார்; மறுபடியும் ஆட்சிக் கவுன்சில் ஒன்று அமர்ந்தது. சிவபுரியிலே தாயார் சக்யாராஜேயின் நினைவு மாளிகைக்கு எதிரே மாதவராவுக்கும் வெண்பளிங்கில் ஒன்று எழுப்பினார்கள். இருவருடைய சிலைகளும் நாளாந்தம் ஆடை மாற்றி, உணவு படைத்து, உயிரோடிருப்பவர் போலவே பேணப்பட்டு வந்தன. தாயும் மகனும் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர்.

சிறு பாதையை 1951இல் இந்திய மத்திய இருப்புப்பாதையோடு சேர்த்தார்கள். சிறியதாயிருந்ததே அதன் பலம் என்று கண்டோம். அதுவே பின்னர் அதன் குறையுமாயிற்று. குவாலியருக்கு வந்த ஒவ்வொரு மூட்டையையும் சிறு வண்டியிலிருந்து இறக்கிப் பெரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. லொறிகள் பெருகின, பஸ்கள் விரைந்தன. சிவபுரிக் கோடு முதலில் மறைந்தது. பிண்ட் கோடு அகலமாயிற்று. ஷியோபூர்க் கோடு மட்டும் எல்லோரையும் விஞ்சி உயிரோடிருந்தது. பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். உள்ளே இடமில்லாதோர் கூரையின் மேல். ஏழைகளின் வண்டி என்று அதை விட்டுவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மாதவராவின் பெயரையே தாங்கிய பேரர் மாதவராவ் சிந்தியா, 1980களில் இந்தியப் புகையிரத அமைச்சராயிருந்தார். 1988இல் தில்லியிலிருந்து குவாலியர் வழியே ஓடத் தொடங்கிய சதாப்தி விரைவு வண்டி அவர் காலத்தது. அந்த விரைவு வண்டி வந்து நின்ற அதே குவாலியர் நிலையத்தின் ஒரு புறத்திலிருந்து, பாட்டனாரின் இரண்டடி வண்டியும் ஷியோபூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது நின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திய வண்டியை, பாதையை அகலமாக்கும் பொருட்டு, மீண்டும் ஓடவிடவில்லை. பள்ளங்களைச் சுற்றி வளைந்த பழைய தண்டவாளங்கள் கழற்றப்பட, அகலப் பாதை குவாலியரிலிருந்து பகுதி பகுதியாக ஷியோபூரை நோக்கி நீண்டு வருகின்றது. வெள்ளி வண்டியோ ஜயவிலாச அரண்மனையின் ஒரு பகுதியில் 1964இல் திறந்த அரும்பொருட்சாலையிலே, அதே மேசையின் மீது, ஏழு பெட்டிகளோடும் இருக்கின்றது.